இரண்டாவது பிரேக்

"நீ இன்னும் கிளம்பலையாம்மா?"

"கிளம்பிட்டேன் மாமா. நீங்க டீயைக் குடிச்சு முடிச்சீங்கன்னா டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போயிடுவேன்."

"டம்ளரை நான் கழுவ மாட்டேனா?"

"ஐயோ, நீங்க எதுக்கு? உதவிக்கு வந்தவரைப் போய் டம்ளர் கழுவ விடறதா?"

தபால்காரர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "இவ எப்பவும் இப்படித்தானா?"

"பிரேக்கை அழுத்திக்கிட்டே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற ரகம் சார்," என்றான் அண்ணன். "வண்டி நல்லா உறுமும். நகராது."

நான் கேட்காதது போல் சமையலறைக்குப் போய்ப் பழம் நறுக்க ஆரம்பித்தேன். அப்போது தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

"அந்தப் பய நம்ம தெருவுல என்ன பண்றான்?" என்று அண்ணன் கத்தினான்.

"யாரையாவது ஏத்திக்க வந்திருப்பான். நமக்கென்ன?" என்று நானும் கத்தினேன். கத்தி கொஞ்சம் வழுக்கிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஹாரன் மறுபடி அடித்தது, காத்திருந்தது, அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது. அது ஏற்றிக்கொள்ள வந்த ஆள் நான்தான்.

அண்ணன் இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். மீதிப் பாதி நடந்து போகிறவர்கள் என்பான். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் ஓய்ந்த பிறகும் அவனுடைய வலது கால் வேலையை விடவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தெருமுனை வந்தால் போதும், அந்தக் கால் தானாக மிதிபலகையை அழுத்தும். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவன் அவன்தான். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, நீளத்தை மடிப்பது. அதனால் எனக்கு ஊசி என்று பெயர் வைத்திருக்கிறான். ஒல்லியாக இருப்பதாலா, குத்திப் பேசுவதாலா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டுமில்ல. காது இருந்தும் கேக்காத ஜென்மம்" என்றான்.

அவனுடைய கார் கீழே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் அதில் இரண்டு பிரேக். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே இந்த ஊரைக் காப்பாற்றியதாக அவன் சொல்வான். எனக்கு மட்டும் கற்றுத் தரவில்லை. "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிப்போட்டான். அப்புறம் படுத்துவிட்டான்.

பிசியோதெரபிக்கு ஊரின் அந்தக் கோடிக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரி வேன் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. வாசலில் காத்திருந்து காத்திருந்து அண்ணன் வில்லாக வளைந்துபோவான். ஒருநாள் அப்படி நாற்காலியில் வளைந்து கிடந்தபோதுதான் முடிவு செய்தேன். நானே ஓட்டுவேன். யார் தயவும் வேண்டாம். யாருக்கும் போன் பண்ணிக் கெஞ்ச வேண்டாம்.

அதற்குக் கற்றுக்கொள்ள வேண்டுமே. எதிர்த்தெருவில் இருக்கிற டிரைவிங் ஸ்கூல்காரனிடம் போய்ச் சேர்ந்தேன்; அவன் கொடுத்த சாலை விதிப் புத்தகத்தை ராத்திரியில் ஒளித்துப் படித்தேன். அவன் அண்ணனிடம் கற்றுக்கொண்டு, அண்ணனுக்குப் போட்டியாகவே கடை திறந்தவன். எந்தச் சிக்கலுக்கும் ஹாரன்தான் மருந்து என்று நம்புகிறவன். அதனால் அண்ணன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ஹாரன்தான். தங்கச்சி ஹாரனிடம் கற்றுக்கொள்கிறாள் என்று தெரிந்தால் இன்னொரு பக்கமும் இழுத்துக்கொள்ளும் என்று பயந்து, ஜிப் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லி வைத்திருந்தேன்.

ஆனால் வீட்டை விட்டு வெளியே போனால்தானே ஜிப்பும் பொய்யும். அண்ணனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான் படிக்கிற நாவல்களில் ஒருத்தி காலையில் எழுந்து சன்னலைப் பார்ப்பாள். பனி பெய்துகொண்டிருக்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். அவளுடைய வீட்டில் யாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், யாரை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு வரியும் இருக்காது. முந்நூறு பக்கம் தேடியிருக்கிறேன். ரயில் மட்டும்தான் இருக்கும்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தது அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான். மழை பிடித்துக்கொண்டதால் அண்ணனை நூலகத்தின் பின்பக்கக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கதவில் ஓர் அட்டை: 'வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு. பேசலாம். தூங்கினால் எழுப்ப மாட்டோம்.' உள்ளே வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் மறுபக்கம் அவர்களுடைய பராமரிப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சீட்டு விளையாடி, பயங்கரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். "அங்க தள்ளு."

நூலகத்து அக்காதான் சங்கத்தை நடத்துகிறாள். தன் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய ஏற்பாடு எளிமையானது: உனக்கு ஓய்வான நேரத்தில் நீ இன்னொருவர் வீட்டில் போய் உட்கார். உனக்கு முடியாத நேரத்தில் உன் வீட்டில் இன்னொருவர் வந்து உட்காருவார்.

அப்படித்தான் தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. செவ்வாயும் வியாழனும் காலையில் அவரைப் பகல் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவார். கிடைத்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் காப்பகத்துக்கு எதிரிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாராம். காவலாளி வந்து "யாரை வேவு பாக்கறீங்க?" என்று கேட்ட பிறகுதான் சங்கத்தில் சேர்ந்தார்.

அவர் வருகிறார் என்றதும் நான் வீட்டைக் கழுவினேன். சன்னல் துணியை மாற்றினேன். பெரிய மனிதர், பாவம், வெயிலில் நடந்து வருகிறாரே என்று டீ போட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கண் சொருகியது, தலையணை கொடுத்தேன். அவர் விழித்தபோது காப்பகத்துக்குத் திரும்புகிற நேரம் வந்துவிட்டது. தெருமுனையில் ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தது. அடுத்த தடவையும் அப்படியே. பழம் நறுக்கிய அன்று மூன்றாவது தடவை.

மத்தியானம் ஹாரன் போன் பண்ணினான்.

"என்ன தங்கச்சி, நான் என்ன உங்க தெருவுக்கு வாட்ச்மேனா?"

"மன்னிச்சுக்கோங்கண்ணே. வீட்டுல ஆள் வந்திருந்தாங்க."

"ஆள் வந்தாதான் நீ வெளிய வர முடியும்னு சொன்னே. இப்ப ஆள் வந்ததால வர முடியலைங்கறே. எனக்குத் தலை சுத்துது. இந்த வியாழனும் வரலைன்னா உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். டெஸ்ட் தேதியும் அவங்களுக்குத்தான்."

மறுநாள் அண்ணனை லிஃப்டில் இறக்கி நூலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் சீட்டு மேசைக்குப் போய்விட்டான். அக்கா என்னை ஓரமாக அழைத்தாள். வட்டத்தில் தபால்காரரும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தூங்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம்.

"உன் வீட்டுக்கு உதவிக்குப் போறதுக்கு க்யூ நிக்குது, தெரியுமா?" என்றாள் அக்கா.

"அவ்வளவு நல்லவங்களாக்கா எல்லாரும்?"

"நல்லவங்கதான். ஆனா காரணம் அது இல்ல. போனதும் டீயாம். அப்புறம் பழமாம். காலுக்கு ஸ்டூலாம், தலைக்குத் தலையணையாம். உன் வீட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்குத் தெம்பா இருக்காம். அன்னிக்கு மாத்திரை கொண்டு வந்து குடுத்த பேக்கரிக்காரிக்குச் சட்டைப் பட்டன் தச்சுக் குடுத்தியாமே?"

"கழண்டு தொங்கிச்சுக்கா. அதைப் பார்த்துக்கிட்டு எப்படி சும்மா இருக்கறது?"

வட்டத்திலிருந்து பேக்கரிக்காரியின் குரல் வந்தது: "எனக்கு இன்னொரு சட்டையும் இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே," என்றாள் அக்கா. "எங்க சங்கத்துல எல்லாம் இருக்கு. சமைக்க ஆள் இருக்கு, தூக்க ஆள் இருக்கு, சண்டை போடவும் ஆள் இருக்கு. ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல. காரு இருக்கறவங்களுக்கு நேரமில்ல, நேரமிருக்கறவங்களுக்குக் காரு இல்ல. நீ லைசென்ஸ் வாங்கினா என் மாமனாரு கண் டாக்டரைப் பார்ப்பாரு. பேக்கரிக்காரியோட அம்மா அவங்க அக்காவைப் பார்ப்பாங்க. நீ என்னடான்னா தபால்காரருக்குப் பழம் நறுக்கிக்கிட்டு இருக்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. யார் தயவும் வேண்டாம் என்று ஆரம்பித்தவள் நான். யாரையும் கேட்காமல் இருப்பதற்காக எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று அப்போது வட்டத்தை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன் போல. கண் விழித்தபோது தபால்காரரைக் காணோம். மறுபக்கம் அண்ணனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சீட்டில் கள்ளத்தனம் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். டீ வேண்டாம் என்றார். பழம் வேண்டாம் என்றார். சோபாவில் உட்காராமல் நடுக்கூடத்தில் காவலுக்கு நிற்பது போல நின்றார்.

"ஊசி," என்றான் அண்ணன், "குப்பை நாறுது. கீழ போட்டுட்டு வா."

"காலையிலதானே போட்டேன்?"

"மறுபடியும் நாறுது."

பையைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அவ்வளவுதான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. மேல்தாழ்ப்பாளும் விழுந்தது, நான் ஒருநாளும் போடாதது.

"மாமா? மாமா, கதவு!"

"திறக்க மாட்டேம்மா," என்றார் உள்ளிருந்து. குரலில் மிகுந்த மரியாதை இருந்தது.

"அண்ணா! அவருக்கு உன் மாத்திரை எதுன்னு தெரியாது!"

"எனக்குத் தெரியும்டி. வாய் என்னோடது."

"உன்னைத் தூக்கி உக்கார வைக்கறப்ப இடது தோளைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லு!"

"சொல்லிட்டேன். நீ போய் ஜிப் வாங்கிட்டு வா."

"கால்ல வீட்டுச் செருப்புதான் இருக்கு!"

"பரவாயில்ல. ஹாரன் செருப்பையெல்லாம் பார்க்க மாட்டான்."

குப்பைப்பையோடு அப்படியே நின்றேன். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஆண்கள் சிரிப்பை அடக்கினால் இருமுவது போல இருக்கும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கதவிடம் கேட்டேன்.

"ரெண்டு வாரமா நாற்காலியைத் தள்ளும்போது திருப்பத்துல கையைக் காட்டறே. நடைபாதையில யாருடி கையைக் காட்டுவாங்க? போ. வியாழனுக்கு அப்புறம் வெள்ளி. இன்னிக்கு விட்டா அப்புறம் அழக்கூடாது."

தெருமுனையில் ஒரு நீளம், இரண்டு குட்டை.

படி இறங்கினேன். குப்பையைப் போட்டேன். நாலு எட்டு வைத்தேன், திரும்பி மேலே பார்த்தேன். புகை எதுவும் வரவில்லை. அலறல் எதுவும் கேட்கவில்லை. அதுவே ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது என்பதை இங்கே மறைத்து என்ன பயன்? ஹாரன் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்க மகாராணி," என்றான். பிறகு என் காலைப் பார்த்தான். அண்ணன் சொன்னது தப்பு. ஹாரன் செருப்பைப் பார்ப்பான். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தோம். பல தடவை எஞ்சினை அணைத்தேன். ஒரு தடவை குப்பைத்தொட்டிக்கு வழிவிட்டு நின்றேன். ஹாரன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அது நகராது தங்கச்சி, நீதான் நகரணும்," என்றான். ஆனால் கடைசிச் சுற்றில் ஒருமுறை, கிளட்சை விட்ட கணம், கார் தானாக நினைத்துக்கொண்டது போல முன்னால் வழுக்கிச் சென்றது. தெரு இரண்டு பக்கமும் பின்னால் போனது. ரயிலில் போகிறவளுக்கு இப்படித்தான் இருக்கும்.

படியேறி ஓடினேன். கதவு திறந்தே இருந்தது.

அண்ணனுடைய சட்டையில் பட்டன் எல்லாம் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. தரையில் தண்ணீர் கொட்டித் துடைத்த தடம். மாத்திரை போட்டாகிவிட்டது, சரியான மாத்திரை. ஆனால் நாற்காலி சுவரோரம் இல்லை. காற்று அடிக்கும், சளி பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கொண்டுபோகாத சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரிந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும்.

"குப்பைத்தொட்டி உனக்கு என்ன சொந்தம்?" என்றான் அண்ணன். "அவ்வளவு மரியாதை குடுக்கறே?"

"மூணாவது சுத்துல பரவாயில்லம்மா," என்றார் தபால்காரர் ஆறுதலாக.

நான் அவனுடைய சட்டைப் பட்டனை அவிழ்த்துச் சரியாகப் போடக் கை நீட்டினேன். அவன் வலது கையால் என் கையைத் தட்டிவிட்டான். "இருக்கட்டும். இது சார் போட்டது."

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாயும் வியாழனும் எங்கள் வீட்டில் குப்பை நாறியது. தபால்காரருக்கு டீ போடுகிற வேலை அண்ணனுடையதானது. ஒரு கையால் போட்ட டீ எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டெஸ்ட் வந்தது. தேர்வதிகாரி முகத்தில் எதுவும் காட்டாதவர். திருப்பத்தில் நான் பழக்கத்தில் கையையும் காட்டி விளக்கையும் போட்டபோது மட்டும் அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. தேறிவிட்டேன்.

இன்று காலை காரின் போர்வையை எடுத்தோம். மேலே தூங்கிக்கொண்டிருந்த பூனை எங்களைத் திட்டிவிட்டு இறங்கிப் போனது. பேட்டரி செத்திருந்தது. ஹாரன் தன் காரைக் கொண்டுவந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தான். நாற்காலியில் இருந்தபடி அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இவளுக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக் குடுத்தது நீதானா?"

"ஆமாண்ணே."

"பரவாயில்ல. ஹாரன்தான் அதிகமா அடிக்கறா."

ஹாரனுக்கு அதுவே பட்டம் வாங்கியது போலிருந்தது. நன்றியாக ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

முதல் பயணம் எங்கே என்று சங்கத்தில் பெரிய விவாதமே நடந்தது. தபால்காரர் பேசவில்லை. அதனால் அவருக்கே கொடுத்தார்கள். காப்பகத்திலிருந்து அவருடைய மனைவியை அழைத்துவர வேண்டும். அங்கே கதவு சாத்துகிற நேரத்தில் அவர் வராவிட்டால் அந்த அம்மாவுக்கு மனசு கலைந்துவிடும், யாரிடமும் பேச மாட்டார்கள். நூலகத்து அக்காவும் தபால்காரரும் சேர்ந்து அண்ணனை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இடது தோளை யாரும் பிடிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. தபால்காரர் பின்சீட்டில் ஏறி, கைகளை மடியில் வைத்து, பார்சல் மாதிரி உட்கார்ந்தார். அக்கா நடைபாதையில் நின்று கையசைத்தாள்.

பெல்ட்டைப் போட்டேன். கண்ணாடி பார்த்தேன். கிளட்சை மெல்ல விட்டேன். கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது.

நான் பிரேக்கை மிதிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். அண்ணனுடைய வலது கால் அவன் பக்கத்துப் பிரேக்கின் மேல், பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது போல, வசதியாக உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணா?"

"பூனை."

"பூனை எங்க?"

"வரலாம்."

மறுபடி கிளப்பினேன். மறுபடி நின்றது. இந்தத் தடவை ஓர் இலை விழுந்ததாம். மூன்றாவது தடவை காரணம் சொல்லக்கூட இல்லை. வெட்கத்தோடு சன்னலுக்கு வெளியே பார்த்தான். பின்சீட்டில் தபால்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காதது போல சட்டைக்கையை இழுத்து மூடுவதும் கண்ணாடியில் தெரிந்தது. நடைபாதையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எஞ்சினை அணைத்தேன். அவனுடைய கால் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது.

அவன் முழங்கால் மேல் கையை வைத்தேன்.

"அண்ணா, முழுசா வேணாம். அந்தத் தெருமுனை வரைக்கும் போதும். அதுவரைக்கும் மட்டும் அந்தக் காலைக் கொஞ்சம் எடுத்து இந்தப் பக்கம் வச்சுக்கறியா?"